இயற்கையோடு ஒட்டிய சொகுசு வீடு கட்டப்போகிறோம், முதலில் எதை யோசிக்க வேண்டும்?

மார்த்தாண்டம் பக்கம் 40 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்), 4500 சதுர அடி வீடு, நடுவில் முற்றம், மேற்கே ஓடை தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவர், கூரை மேல் புல், சின்னதாக ஒரு நீச்சல் குளம், ஆனால் சுற்றுச்சூழலுக்கும் கேடு வரக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 2016இல் கிட்டத்தட்ட இதே பட்டியலோடு நானும் ஒரு ஆர்க்கிடெக்ட் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் இறவாரத்தை, அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீண்டு இறங்குகிற கூரை விளிம்பை யோசியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், குலசேகரம் பக்கத்தில் நான் கட்டிய வீட்டுக்கு இறவாரமே கிடையாது. ஆர்க்கிடெக்ட் பெரிய நகரத்துக்காரத் தம்பி, கெட்டிக்காரன்தான், பெயரெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய படத்தில் வீடு ஒரு வெள்ளைப் பெட்டி, சுற்றிலும் பச்சை, வானம் நீலம். அந்தப் படத்தில் மழை பெய்யவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் அம்மை மட்டும் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்து, "மக்ளே, மழைக்கு ஒதுங்கி நிக்க எறப்பு இல்லாத்த வீடு என்ன வீடுடே?" என்றாள். பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் உண்டு. அதிலும் ஜூன், ஜூலை மழை நேராக விழாது, மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். நாங்கள் 2018 ஜனவரியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அந்த வருஷத்து மழை எப்படி என்று மலையாளத்தானைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வான். ஜூன் இரண்டாவது வாரத்தில் ஹால் கண்ணாடிச் சுவரின் அடிச்சட்டம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, தேக்குப் பலகை பதித்த தரையில் கால்வாசி உப்பிக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் மழை, மூடினால் புழுக்கம். 'இயற்கைக் காற்றோட்டம்' என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருந்த அறையில் ஜூலை மாதம் ஏசி போட்டுத் தூங்கினோம். துணி காயப் போட இடமில்லாமல் மாடிப்படிக் கைப்பிடியில் ஈர லுங்கி தொங்கும். சொகுசு வீட்டில்.

வெயிலுக்கும் இதே கதைதான். வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் வெயில் படாது என்று அந்தத் தம்பி சொன்னார். வடநாட்டில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து சுமார் எட்டேகால் டிகிரியில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப் பொழுதுச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஜூன் நடுவில் உச்சியிலிருந்து 15 டிகிரி வடக்கே சாயும். கணக்குப் போட்டால் 10 அடி உயரச் சுவருக்கு இரண்டே முக்கால் அடி இறவாரம் இருந்தால் அந்த நடுப்பகல் வெயில் சுவரில் படாது. இது மத்தியானத்துக்கு மட்டும். சாயங்கால வெயில் தாழ்வாக உள்ளே வரும், மேற்கே வராந்தாவோ மரமோ மரச்சட்டமோ இல்லாமல் எந்தக் கொம்பனாலும் அதைத் தடுக்க முடியாது. அப்புறம் கண்ணாடிச் சுவர் உங்கள் பாடு.

மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. என் மனையில் அப்பா காலத்து அயினி மரம் ஒன்று நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதை வெட்டக்கூடாது, வீடே அதைச் சுற்றி வளைந்து போகட்டும் என்று நானே அடம்பிடித்தேன், இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது மரத்திலிருந்து நாலடி தூரத்தில் தோண்டினார்கள். தொடை மொத்தத்தில் வேர்கள் ரம்பத்தால் அறுபட்டுக் கிடந்தன, வெட்டுவாயில் பால் கசிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்றைக்கு எங்கள் பக்கம் விழுந்த ரப்பருக்கும் வாழைக்கும் கணக்கே இல்லை, அதனால் எல்லோரும் புயலைச் சொன்னார்கள். அயினி விழுந்தது வேர் அறுபட்ட பக்கத்துக்கு எதிராக. அதன் மரத்தில்தான் இப்போது எங்கள் வாசல் கதவு. மரத்தை வைத்துக் கட்டுவதென்றால் அதன் கிளை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அந்த வட்டத்துக்குள் மண்வெட்டி இறங்கக்கூடாது. அதற்கு இடமில்லை என்றால் வெட்டிவிட்டு வேறு நடுங்கள், பாதி உயிரோடு வைத்து வேஷம் போடாதீர்கள்.

உங்களுடையதும் ரப்பர் விளை என்பதால் இன்னொன்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை கொட்டும். நீச்சல் குளத்தில் அள்ளி முடியாது, கூரைத் தண்ணீர் வடிகிற பாத்தி அடைத்துக்கொள்ளும். அது பரவாயில்லை. கோடை மழை ஒன்று பெய்ததும் ரப்பர் சருகுக்குள்ளிருந்து கறுப்பாகச் சின்ன வண்டு ஒன்று கிளம்பும், மலையாளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து கூரை இடுக்கில் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொள்ளும், நசுக்கினால் நாற்றம், தோலில் பட்டால் எரிச்சல். என் முற்றத்து மேலே அழகுக்கு வைத்த மரத்தட்டி இடுக்கு முழுக்க அதுதான். ஒரு நாள் ராத்திரி கஞ்சியில் விழுந்ததைப் பார்த்து என் மாமி மறுநாளே மகளைப் பார்த்தது போதும் என்று திருவட்டாறுக்கு பஸ் ஏறிவிட்டார். சுற்றியிருக்கிற விளை அடுத்தவருடையது என்றால் நீங்கள் செய்ய முடிவது ஒன்றே ஒன்று, கூரையில் இடுக்கு விடாமல் கட்டுவது, அந்த மாதங்களில் வெளிவிளக்கைச் சீக்கிரம் அணைப்பது.

எல்லாமே தோல்வி என்று நினைக்க வேண்டாம். கிழக்குப் பக்கம் இரண்டு அறைகள் எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் கட்டினோம். திருவனந்தபுரத்தில் குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை. செங்கலைப் படுக்கப் போடாமல் நட்டமாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவது, செங்கலில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். கொத்தனார் முதல் நாள், "சாரே, இது நிக்குமா?" என்று மூன்று தடவை கேட்டார். நிற்கிறது, ஏப்ரலிலும் விசிறியே போதும். ஆனால் ஒயரிங் குழாயை முன்னாலேயே திட்டம் போட்டு விட்டுவிட வேண்டும், பிறகு சுவரைக் கொத்தினால் செங்கல் உடைந்து உள்ளே விழும். கீழ்த்தளத்துக் கூரைக் கான்கிரீட்டில் பழைய மங்களூர் ஓட்டைப் பொதிந்தோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பேக்கர் எளியவர்களுக்குக் கட்டினார், நீ 4000 சதுர அடியில் அவர் பெயரைச் சொல்கிறாயே என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். எங்கள் ஊரில் 'பசுமை வீடு' என்றால் அரசு கட்டிக்கொடுத்த 300 சதுர அடி வீடு, அந்தப் பெயருக்கு என்னைவிட அவர்களுக்குத்தான் உரிமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டுக்குடும்பம், ஒன்பது பேர். மூன்று வீடாகக் கட்டாமல் ஒன்றாகக் கட்டினோம்.

பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கண்ணூரிலிருந்து வெட்டுக்கல் (செம்பாறையில் வெட்டியெடுக்கிற கல்) வரவழைத்தால் 'மண்ணோடு இணைந்த' தோற்றம் வரும் என்றார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் லாரியில் வருகிற கல் எந்த மண்ணோடு இணையும் என்று அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

லாரி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ராத்திரி பத்து மணியானால் எங்கள் ரோட்டில் கல்லும் எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலும் ஏற்றிய டிப்பர்கள் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகும், ஒன்றன்பின் ஒன்றாக. ரோடு நொறுங்கிக் கிடக்கிறது, டூவீலரில் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான், என் வீட்டு மேற்குச் சுவரில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. மனு கொடுத்து ஓய்ந்துவிட்டேன். உன் வீட்டுக் கான்கிரீட் எந்த மலை என்று கேட்காதீர்கள், தெரியும், அதனால்தான் வலிக்கிறது.

சரி, இறவாரம். 2019இல் அம்மையைக் கூட்டிக்கொண்டு தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கிற அந்த அரண்மனையை நாலாம் வகுப்பிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் நல்ல மழையில் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டுக்கூரை தாழ்ந்து இறங்கியிருக்கிறது, மரச்சட்டங்கள் சாய்ந்து நிற்கின்றன, காற்று வருகிறது, தண்ணீர் வரவில்லை. அம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்த வருஷமே வெள்ளைப் பெட்டியைச் சுற்றி இரும்புச் சட்டம் அடித்து மங்களூர் ஓடு போட்டு நாலடி இறக்கினோம். மேற்கே எட்டடி வராந்தா. ஒன்பது லட்சம் ஆனது, முதலிலேயே செய்திருந்தால் பாதிகூட ஆகியிருக்காது. ஆர்க்கிடெக்ட் தம்பி போட்டோ பார்த்துவிட்டு டிசைனே போய்விட்டது என்று வருத்தப்பட்டார். இருக்கலாம். இப்போது ஜூலையில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது, அம்மை வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள், பக்கத்துக் கொடியில் துணி காய்கிறது.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். படம் வரைய ஆள் பார்ப்பதற்கு முன்னால், ஜூன் கடைசியில் ஒரு நாள் மழை பிடித்ததும் குடையில்லாமல் உங்கள் விளையில் போய் நில்லுங்கள், சட்டையில் எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.