அலுவலகத்துப் பழைய காகிதத்தை எரிக்காமல் கழிப்பது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பதினைந்து ஆண்டுக் கோப்புகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முன் அறையைக் காலி செய்ய வேண்டும். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் கலந்திருப்பதால் பழைய பேப்பர் கடைக்குப் போட மனம் வரவில்லை. மொட்டை மாடியில் வைத்து எரித்துவிடலாம் என்கிறார் உதவியாளர். சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாத வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், எரிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கட்டாக அடுக்கிய காகிதத்துக்குள் காற்றுப் புகாது; ஓரம் கருகி, நடுத்தாள்கள் பெயரும் எண்ணும் படிக்கும்படி மிஞ்சும். ஆகவே எரிப்பதால் நீங்கள் விரும்பும் இரகசியமும் காக்கப்படுவதில்லை. லேசர் அச்சின் டோனர் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் தூள். அதன் புகை பக்கத்து வீட்டுக்காரர் மூச்சில்தான் போய்ச் சேரும். திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்கலாம் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதையும் உதவியாளரிடம் சொல்லுங்கள்.

அறையைத் திறந்ததும் எதைக் கழிக்கலாம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திரப் படிவத்துக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையேனும் அவற்றைத் தொடக் கூடாது. நிறுவனச் சட்டப்படி பதிவான கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தக் கெடு எட்டு நிதியாண்டுகள். வாடிக்கையாளரின் மூலப் பத்திரம் ஏதேனும் கிடைத்தால், எவ்வளவு பழையதானாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போடத் தயங்குகிறீர்களே, அந்தத் தயக்கம் நியாயமானது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மாலை நான் வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபோது, யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம் என் கையில் இருந்தது; எண்ணெய்க் கறைக்கு அடியில் கைப்பேசி எண்ணும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. அச்சு மை பட்ட சுண்டலைத் தின்பதும் உடலுக்கு நல்லதல்ல என்பது வேறு.

ஆனால் இந்த அச்சத்தால் அறை முழுவதையும் ஷ்ரெடரில் போடுவதும் தவறு. காகிதத்தின் உயிர் அதன் நாரில் இருக்கிறது. ஒரு நார் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறை மறுசுழற்சியைத் தாங்கும். ஒவ்வொரு முறையும் அது சற்றுக் குட்டையாகும். பொடியாக நறுக்கினால் அந்த ஆயுளை நாமே குறைத்துவிடுகிறோம். துண்டுகள் சாக்கை அடைத்துக்கொண்டு பறப்பதால் கடைக்காரரும் முகம் சுளிப்பார். ஆகவே பெயர், எண், கையெழுத்து, வங்கி விவரம் உள்ள தாள்களை மட்டும் தனியே எடுத்து நறுக்குங்கள். படிவத்தின் வெற்றுப் பக்கங்கள், பழைய சுற்றறிக்கைகள், வரைவுகள், விலைப்பட்டியல்கள் ஆகியவை முழுத்தாளாகவே கடைக்குப் போகட்டும். ஒரு பக்கம் வெறுமையாக உள்ளவற்றை அச்சகத்தில் கொடுத்து ரஃப் பேடாக ஒட்டி வாங்கிக்கொள்ளலாம்.

எடையை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. அச்சிட்ட வெள்ளைத் தாள், செய்தித்தாள், அட்டை மூன்றுக்கும் கடையில் விலை வேறு. கலந்து போட்டால் குறைந்த விலைதான் கிடைக்கும். ஸ்டேப்ளர் பின் பெரிய குறையல்ல, ஆலையில் அதைப் பிரித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உறை, ரெக்ஸின் அட்டை, கோப்புக் கிளிப், ஸ்பைரல் கம்பி ஆகியவற்றை நீங்களே கழற்றிவிடுங்கள். பழைய பில் புத்தகங்களின் கார்பன் தாளையும், ஏ.டி.எம். சீட்டு போன்ற வழவழப்பான ரசீதுகளையும் கலக்கவே கூடாது. நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். அதில் பூசிய இரசாயனம் மற்ற காகிதத்திலும் ஏறிவிடும். அது உரக்குழிக்கும் ஆகாது.

புதுச்சேரி ஆசிரமத்தின் கைவினைக் காகிதக் கூடத்துக்குக் கொடுக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பருத்தித் துணிக் கழிவிலிருந்துதான் காகிதம் செய்கிறார்கள்; வண்டியில் ஏற்றிப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரோவில்லில் 2004 சுனாமிக்குப் பிறகு உருவான வெல்பேப்பர் மகளிர் குழு, செய்தித்தாள்களைச் சுருட்டிக் கூடையும் அணிகலனும் செய்கிறது. உங்கள் அலுவலகச் செய்தித்தாள்களுக்கு வேண்டுமானால் அங்கே வழி கேட்கலாம்.

நறுக்கிய இரகசியத் தாள்களுக்கு நான் சிபாரிசு செய்வது உரக்குழி. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மின் பக்கங்களில் துளையிட்டு, காய்கறிக் கழிவு ஒரு பங்குக்கு நறுக்கிய தாளும் காய்ந்த சருகுமாக இரண்டு அல்லது மூன்று பங்கு போட்டு, புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டுக்கு மேல் நீர் வரக் கூடாது. வழிந்தால் இன்னும் தாள் சேர்க்க வேண்டும். டோனர் மட்காது, எனவே அடர்த்தியாக அச்சிட்ட பக்கங்களையும் வண்ணத் தாள்களையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றை ஒரு வாளி நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கோலால் கலக்கிக் கூழாக்கிப் பிழிந்து உலர்த்தினால் எழுத்து சிதைந்துவிடும். அந்த உருண்டைகளைக் கடைக்கே போட்டுவிடலாம். கரையானுக்காகப் பூச்சி மருந்து தூவிய கோப்புகள் இருந்தால் அவை எக்காரணம் கொண்டும் உரத்துக்கு வேண்டாம்.

கடைக்குரிய கட்டுகளை ஐப்பசி மழை பிடிக்கும் முன் அனுப்பிவிடுங்கள். நனைந்த தாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டால் எடை கூடினாலும் விலை விழும், ஆலையும் ஏற்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பெய்த மழையை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி வரும் வரை கட்டுகளைத் தரையில் வைக்காமல், செங்கல் மீது பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கி வையுங்கள்.