மந்துல கேட்ட அம்பது ரூபா

அன்புள்ள அக்கா,

போன மாசம் குடும்பத்தோட ஊட்டி வந்திருந்தோம். பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல இருக்கற தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடிங்க வாழற ஊருக்குப் போனோம், அங்க ஒரு பாட்டி பூ வேலை போட்ட சால்வையப் போத்திட்டு வெயில்ல உக்காந்து தச்சிட்டு இருந்தாங்க. ஒரு போட்டோ எடுத்தேன், உடனே அம்பது ரூபா கேட்டாங்க. கொடுத்துட்டேன், ஆனா மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீடுங்களும் எல்லாம் கான்கிரீட், கோயில் மட்டும்தான் பழைய மாதிரி. டூரிஸ்ட் வந்து வந்து இந்த வெள்ளந்தி ஜனங்களக் கெடுத்துட்டோமா? நாங்க மலைக்கு வர்றதே தப்பா? நீங்க மலைக்காரங்க, நீங்களே சொல்லுங்க.

இப்படிக்கு,
ஈரோட்டுல இருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மனசுல பட்டத ஒளிக்காம எழுதியிருக்கீங்க, அதனால நானும் அப்படியே எழுதறேன். அந்த "வெள்ளந்தி"ங்கற வார்த்தைதான் எனக்கு உறுத்துது.

கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் சல்லிவன் ஊட்டில கல் பங்களா கட்ட ஆரம்பிச்சது 1822ல. 1870ல இருந்து கோடை வந்தா மெட்ராஸ் கவர்மென்ட்டே மலைக்கு மூட்டை கட்டிட்டு வந்துடும், 1908ல ரயிலும் ஊட்டி வரைக்கும் வந்தாச்சு. ரிவர்ஸ்னு ஒரு இங்கிலாந்து ஆய்வாளர் 1901-02ல இங்க தங்கி தோடர்கள்கிட்ட கல்யாணம், சாவு, எருமை, கோயில்னு ஒண்ணு விடாம கேட்டு எழுதி 1906ல எழுநூறு பக்கத்துக்கு மேல புத்தகமா போட்டார், அதுல போட்டோவும் உண்டு. அப்போ நீங்க பாத்த பாட்டியோட பாட்டி காலத்துலயே கேமரா மந்துக்குள்ள வந்துடுச்சு. உதகமண்டலம்ங்கற பேருக்குள்ளயே அவங்க மந்துதான் இருக்கு. ஆக 200 வருஷமா வெளியாட்கள் வந்து பாத்துட்டுப் போற ஜனங்க அவங்க, டூரிஸ்ட்ட எப்படி கையாளணும்னு நம்ம யாரவிடவும் அவங்களுக்குத் தெரியும்.

மெக்கானல்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1973ல ஒரு விஷயம் சொன்னார். நம்ம பாஷைல சொன்னா, எல்லா வீட்லயும் திண்ணை இருக்கு, சமையல்கட்டு இருக்கு, டூரிஸ்ட்டுக்கு திண்ணை போதாது, சமையல்கட்டத்தான் பாக்கணும், அதுதான் "உண்மை"ன்னு நினைக்கறான், அதனால ஊர்க்காரங்க அவனுக்குக் காட்டறதுக்குன்னே இன்னொரு சமையல்கட்ட செட் பண்ணி வெச்சிடறாங்க. கான்கிரீட் வீட்டப் பாத்து நீங்க ஏமாந்தீங்க பாருங்க, அது இதுதான். ஜூலை மழையும் ஜனவரி உறைபனியும் அவங்களுக்கும் உண்டு, நல்ல வீடு வேணும்னு அவங்களுக்கும் இருக்காதா? ஈரோட்ல ஓட்டு வீட்ட இடிச்சிட்டு மாடி வீடு கட்டினா அத முன்னேற்றம்னு சொல்றோம், மந்துல கட்டினா மட்டும் கலாச்சாரம் போச்சுன்னு வருத்தப்படறோம். இது நியாயம் இல்ல தம்பி.

இன்னொண்ணு பாருங்க. அந்தக் கோயில் உள்ள வெளியாள் யாரும் போக முடியாது, தோடப் பெண்களே போக மாட்டாங்க, நீங்க லட்ச ரூபா கொடுத்தாலும் விட மாட்டாங்க. போட்டோவுக்கு ஒரு விலை, சால்வைக்கு ஒரு விலை, கோயிலுக்கு விலையே கிடையாது. எது வரைக்கும் நீ வரலாம்னு கோடு போட்டது அந்தப் பாட்டி. அத நீங்க பேராசைன்னு படிச்சுட்டீங்க, எனக்கு அது மானமாத்தான் தெரியுது. அந்தத் தையலுக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. வாங்கறதுக்கு நீங்கல்லாம் வர்றதும் அது தங்கி நிக்க ஒரு காரணம், அத நான் மறைக்க மாட்டேன். ஆனா கடைவீதில மிஷின்ல அடிச்ச நகல் கம்மி விலைக்குத் தொங்குதே, அது வயித்துல அடிக்கறது.

டூரிசம் எங்கள மாத்தினது வேற இடத்துல. எங்களது கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் ஹட்டி, ஹட்டின்னா படுகர் ஜனங்க ஊர். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததுல இருந்து பசங்க ஒவ்வொருத்தரா டிரைவர் ஆனாங்க, தோட்டம் காட்டேஜ் ஆச்சு, கொஞ்சம் கொஞ்சமா கீழ இருந்து வந்தவங்க கைக்குப் போச்சு, இப்போ தாத்தா இலை பறிச்ச எடத்துல பேரன் ராத்திரி வாட்ச்மேன். ஏப்ரல் மே வந்தா ரிசார்ட்டுக்கு டேங்கர் போகும், எங்க குழாய்ல வாரம் ஒரு தடவ தண்ணி. மலைப்பாதைல ஆம்புலன்ஸ் நகர முடியாம நிக்கும். ஐகோர்ட் உத்தரவால 2024 மே 7ல வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்துது, 2025 சீசனுக்கு நீலகிரில வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, அதுக்கு மேல விடக்கூடாதுன்னு கணக்கும் வந்துது. எங்க தம்பி டாக்ஸி ஓட்டறான், அவனுக்கு பொழப்பு போகுதேன்னு கோவம், அதே வீட்ல எங்கம்மாவுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. டாக்ஸி (Doxey)ங்கற பேர்ல ஒரு ஆய்வாளர் 1975லயே சொல்லி வெச்சார், டூரிஸ்ட் ஊருக்குள்ள வந்தா ஊர்க்காரங்களுக்கு மொதல்ல சந்தோஷம், அப்புறம் கண்டுக்காம விடறது, அப்புறம் எரிச்சல், கடைசில பகைன்னு நாலு படி. அவர் ஊரே சேந்து அந்தப் படில ஏறும்னு நினைச்சார், எங்க வீட்டு மூணு ரூம்லயே நாலு படியும் இருக்கு.

எங்க அத்தை ஒருத்தி இருந்தா. எங்க படுகர் திருவிழா ஹெத்தை ஹப்பா அன்னைக்கு வெள்ள முண்டு கட்டி நின்னவள ஒரு சென்னைக்காரர் பெரிய கேமராவுல எடுத்தார், அனுப்பறேன்னு அட்ரஸும் எழுதிட்டுப் போனார். அத்தை ரொம்ப நாள் போஸ்ட்மேன கேட்டுட்டே இருந்தா. அவ செத்தப்போ மாலை போட வெக்க ரேஷன் கார்டு போட்டோதான் இருந்துச்சு, அதுல முகமே தெரியல. அவளோட நல்ல போட்டோ எங்கயோ யார் வீட்லயோ இருக்கு.

அதனால வராதீங்கன்னு நான் சொல்லல, வாங்க. சீசன் இல்லாத நாள்ல வாங்க, ரெண்டு நாள் கூடவே தங்குங்க. அந்தப் பாட்டி போட்டோ உங்க போன்ல இருக்கும்ல, நல்ல ஸ்டுடியோல பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க, கையோட மந்துக்குப் போய் அவங்ககிட்ட கொடுங்க.

அன்புடன்,
அக்கா