பிளாக் ஸ்வான் படத்த ஏன் சிலர் கொண்டாடுறாங்க, சிலர் திட்டுறாங்க?

ரெண்டு கூட்டம் ரெண்டு எதிர்பார்ப்போட போய் உக்காந்துச்சு, அதான் மேட்டர். 2010ல டேரன் அரனாஃப்ஸ்கி எடுத்தது, ஸ்வான் லேக்ங்கிற பாலே நாட்டியத்துல வெள்ளை அன்னம் கருப்பு அன்னம் ரெண்டையும் ஒருத்தியே ஆடணும், கதாநாயகி நீனாவுக்கு வெள்ளை அன்னம் அல்வா மாதிரி வரும், கருப்பு வரவே வராது, அந்த பிரஷர்ல புத்தி பேதலிச்சுப் போகுது. சைக்கோ த்ரில்லர்னு நினைச்சுப் போனவங்களுக்கு செம விருந்து, விரல் ஓரத்துத் தோல பிடிச்சு இழுக்க அது நீளமா உரிஞ்சுக்கிட்டே வரும் பாருங்க, நான் கண்ண மூடிட்டேன்.

பாலே ஆளுங்க கண்ணு நேரா காலுக்குத்தான் போகும், இங்க கேமராவோ பாதி நேரம் இடுப்புக்கு மேலயே சுத்துது. போதாததுக்கு டூப்பா ஆடுன சாரா லேன், உடம்பு முழுசா தெரியுற ஷாட்ல 5 சதவீதம்தான் நீனாவா நடிச்ச நடாலி போர்ட்மேன்னு 2011ல சொல்ல, டைரக்டர் 139 டான்ஸ் ஷாட்ல 111 நடாலிதான்னு கணக்கு காட்டுனாரு. நடாலி ஆஸ்கர் வாங்குன கையோட இந்தப் பஞ்சாயத்து வேற.

என்னக் கேட்டா ஆஸ்கர் குடுத்தது முகத்துக்கு, பாதத்துக்கு இல்ல, ஆனா பாலேகாரின்னாலே அரைப் பைத்தியம், அம்மா கட்டுப்பாட்டுல இருக்குற குழந்தைன்னு காட்டிட்டாங்கன்னு பாலே ஆளுங்க கடுப்பாகுறது நியாயந்தான்.