ஓவியக் கொடி சுவரெங்கும் படர வேண்டுமானால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நீர்வண்ணத்தில் மலர்க்கொடிகள் வரைகிறேன். ஓர் ஓவியத்தை ஸ்கேன் செய்து, வால்பேப்பருக்காகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன். ஓரங்கள் பொருந்தினாலும் சதுரம் சதுரமாகவே தெரிகிறது. கொடி தடையின்றி ஓட என்ன செய்யலாம்?

பதில்: குறை கணினியில் இல்லை, ஓவியத்தின் அமைப்பில் இருக்கிறது. தனி ஓவியம் பார்ப்பவரின் கண்ணை நடுவே இழுத்து அங்கேயே நிறுத்தும். ஓரங்களில் அது தானாகவே அடங்கிவிடும். அதை அப்படியே அடுக்கினால் அந்த அடங்கிய ஓரங்கள்தாம் சதுரங்களாகக் காட்சி தரும். ஆகவே அடுத்த முறை ஓரங்களிலிருந்தே வரையத் தொடங்குங்கள். வலது ஓரத்தை ஒரு தண்டு எந்த உயரத்தில் கடக்கிறதோ, இடது ஓரத்தில் அதே உயரத்தில் அது உள்ளே வர வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதன் சாய்வும் பருமனும் நிறத்தின் அழுத்தமும்கூட ஒத்திருக்க வேண்டும். மேல்நோக்கி ஏறிக்கொண்டே வெளியேறிய தண்டு, மறுபுறம் கீழ்நோக்கி நுழைந்தால், அந்த இடம் தூரத்திலிருந்தும் முடிச்சுப் போலக் கண்ணை உறுத்தும்.

ஏற்கெனவே முடித்த ஓவியத்தையும் மீட்கலாம். அதன் நகலை நான்காக வெட்டி, மூலைக்கு மூலை எதிராக இடம் மாற்றி ஒட்டுங்கள். முன்பு வெளியே இருந்த ஓரங்கள் இப்போது நடுவில் சிலுவைபோலச் சந்திக்கும்; புதிய வெளி ஓரங்களோ ஒரே வெட்டின் இரு பக்கங்கள் என்பதால் தாமாகவே பொருந்தும். ஃபோட்டோஷாப்பில் உள்ள ஆஃப்செட் வசதி இதே வேலையைச் செய்கிறது. நடுவில் விழும் வெற்றிடத்தை நிரப்ப, இருக்கும் இலைகளையே நகலெடுத்து ஒட்டாதீர்கள். இரட்டைப் பிறவிகளான இலைகளைக் கண் விரைவில் கண்டுபிடித்துவிடும். அதே தூரிகையாலும் அதே வண்ணத்தாலும் புதிய இலைகளை வேறொரு தாளில் தீட்டி, ஸ்கேன் செய்து சேர்ப்பதே என் பரிந்துரை.

நீர்வண்ணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னணிப் பூச்சு ஒரு பக்கம் சற்றே அடர்ந்திருந்தால், தனித்தாளில் அது அழகு. சுவரில் அதுவே பட்டைகளாக மாறும். எனவே கொடியைத் தனியே பிரித்தெடுத்துச் சீரான பின்னணியில் அமைப்பது நல்லது. பிறகு ஒன்பது பிரதிகளை மூன்று வரிசைகளாகச் சிறிதாக அச்சிட்டு, எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எதிர்பாராத கோடோ, வெற்றுப் பாதையோ, மற்றவற்றை மீறி நிற்கும் ஒரு மலரோ அப்போது வெளிப்படும்.

கேள்வி: 'ஹாஃப் டிராப்' முறை எப்போதும் சிறந்ததா?

பதில்: பாயும் கொடிகளுக்குப் பெரும்பாலும் ஆம். நேர் அடுக்கில் ஒரே மலர் ஒரே மட்டத்தில் வரிசை கட்டும். ஹாஃப் டிராப்பில் அடுத்த பத்தி, வடிவத்தின் உயரத்தில் பாதி அளவு கீழே இறங்குவதால் அந்த வரிசை குலைகிறது. ஆனால் சாய்கோடுகள் தோன்றும் அபாயம் உண்டு. அதற்கு எதிர்த்திசையில் வளையும் கிளை ஒன்றைச் சேர்க்க வேண்டும். கட்டம் தெரிவதே தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1862-இல் வடிவமைத்த 'டிரெல்லிஸ்' என்னும் வால்பேப்பர், மரச்சட்டத்தின் சதுரங்களை வெளிப்படையாகவே காட்டி, அவற்றின்மீது ரோஜாவைப் படரவிடுகிறது. அவரே 1887-இல் அமைத்த 'வில்லோ பவ்' வடிவத்திலோ, மெல்லிய கிளைகளும் நீண்ட இலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மறைத்துவிடுகின்றன. உங்கள் கொடிக்கு இரண்டாவதுதான் பாடம்.

கேள்வி: அளவும் துல்லியமும் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: ஐரோப்பிய அளவில் பரவலாக உள்ள சுருள் 53 செ.மீ. அகலமும் 10.05 மீட்டர் நீளமும் கொண்டது. உங்கள் வடிவத்தின் அகலம் அந்த 53-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 26.5 செ.மீ. அகலத்தில் ஹாஃப் டிராப் அமைத்தால், இறங்கிய பத்தி சுருளுக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்த தாளை நேராகவே பொருத்தி ஒட்டலாம், தாளும் அதிகம் வீணாகாது. அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், 53 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 6,260 பிக்சல்கள் தேவை. ஏ3 தாளின் குறுகிய பக்கத்தை 600 புள்ளிகளில் ஸ்கேன் செய்தாலே அது கிடைத்துவிடும். ஆனால் தூரிகைத் தடங்களும் தாளின் சொரசொரப்பும் ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாகும் என்பதால், முழு அளவில் ஒரு பகுதியையாவது அச்சிட்டுப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள்.