ஃபெர்ரோமின் படிகம் கியூரி வெப்பநிலையைத் தாண்டும்போது அதில் என்ன மாறுகிறது?

கியூரி வெப்பநிலைக்கு மேல் ஃபெர்ரோமின் படிகத்தின் முனைவாக்கம் (நேர், எதிர் மின்சுமைகள் எதிரெதிர்ப் பக்கம் விலகி நிற்பது) மறைந்துவிடும் என்று படித்தேன், ஆனால் படிகம் உருகுவதில்லையே, பிறகு மாறுவதுதான் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறுவது மிகக் கொஞ்சம். ஃபெர்ரோமின் படிகமான பேரியம் டைட்டனேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) ஒரு கனசதுரம். மூலைகளில் பேரியம், முகங்களின் நடுவில் ஆக்சிஜன், மையத்தில் டைட்டானியம். குளிர்ந்து அந்த எல்லையைத் தாண்டியதும் கூடு ஒரு திசையில் நீண்டுவிடும். அறை வெப்பநிலையில் அந்த நீட்சி நூற்றில் ஒரு பங்குதான். டைட்டானியம் ஆக்சிஜன்களைப் பொறுத்து ஓர் ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) சுமார் பத்தில் ஒரு பங்கு நகர்ந்து நிற்கும். அடுத்தடுத்த கூடுகளும் அதே பக்கம் சாய்வதால் வெளியிலிருந்து மின்புலம் எதுவும் தராமலே முனைவாக்கம் வந்துவிடுகிறது. சூடாக்கினால் டைட்டானியத்தின் சராசரி இடம் மறுபடி மையத்துக்கே போய்விடும். (பெயரில் 'ஃபெர்ரோ' இருந்தாலும் இதில் இரும்பு கிடையாது. இரும்புக் காந்தத்தில் வரும் தயக்கக் கண்ணி, அதாவது புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வேறு வேறு வழியில் போகும் வளைகோடு, இங்கேயும் வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர்.)

முதுகலை படிக்கும்போது இதை நானே அளந்தேன். பேரியம் டைட்டனேட் வில்லை ஒன்றின் இரு பக்கமும் வெள்ளிப் பசை பூசி, சின்ன உலையில் வைத்து, மின்தேக்குத்திறனைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். நூறு டிகிரியைத் தாண்டியதும் அளவு ஏறத் தொடங்கி, 120-ஐ ஒட்டி உச்சிக்குப் போய்ச் சரிந்தது. மகிழ்ச்சியோடு உலையை அணைத்தேன். ஆறும்போது உச்சி அதே இடத்தில் வரவில்லை, சில டிகிரி கீழே வந்தது. வெப்பமானி வில்லையைத் தொடாமல் தள்ளி இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரி என்ற வேகத்தில் ஏற்றி இறக்கினேன். இடைவெளி குறைந்தது, ஆனால் போகவில்லை. குறைந்துபோன பங்கு என் அவசரம், எஞ்சியது படிகத்தின் குணம்.

இது முதல் வகை நிலைமாற்றம். முனைவாக்கம் தேய்ந்து தேய்ந்து மறைவதில்லை, ஓரளவு மிச்சம் இருக்கும்போதே சட்டென்று விழுந்துவிடும். கொஞ்சம் உள்ளுறை வெப்பமும் உண்டு. பழைய நிலை சற்று நேரம் பிடிவாதமாக நீடிப்பதால்தான் ஏறும்போது ஒரு வெப்பநிலை, இறங்கும்போது ஒரு வெப்பநிலை. பாடநூல்கள் ஒரே ஒரு வளைகோட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. டிரைகிளைசின் சல்பேட் இதற்கு எதிர்மாறு. 49 டிகிரியை நெருங்க நெருங்க முனைவாக்கம் தொடர்ச்சியாகக் குறைந்து சுழியாகும். அது இரண்டாம் வகை.

பேரியம் டைட்டனேட் அதோடு நிற்பதும் இல்லை. 5 டிகிரியை ஒட்டி ஒருமுறை, மைனஸ் 90-ஐ ஒட்டி இன்னொருமுறை கூட்டின் வடிவமும் முனைவாக்கத்தின் திசையும் மாறும். 1920-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ஜோசப் வலசெக் ஃபெர்ரோமின் பண்பை முதன்முதலில் கண்டது ரோஷெல் உப்பில் (சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்). அது இன்னும் விசித்திரம்: மைனஸ் 18-க்கும் 24 டிகிரிக்கும் இடையில் மட்டும்தான் ஃபெர்ரோமின். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. உள்ளங்கைச் சூடே அதன் மேல் எல்லையைத் தாண்ட வைத்துவிடும். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால் நிலைமாற்றம் 123 கெல்வினிலிருந்து சுமார் 220 கெல்வினுக்குத் தாவுகிறது. அங்கே முக்கிய வேலை ஹைட்ரஜன் பிணைப்பில் நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

மின்விடுதிறன் (மின்தேக்குத்திறனைத் தீர்மானிக்கும் பொருளின் பண்பு) உச்சிக்குப் போவதன் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். எல்லைக்கு அருகில் டைட்டானியத்தை மையத்தில் பிடித்து வைக்கும் விசை தளர்ந்துவிடுகிறது. சின்ன மின்புலம் போதும், தாராளமாக நகரும். மின்தேக்கி செய்பவர்களுக்கு அந்த உச்சி 120-இல் இருந்து என்ன பயன்? பேரியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஸ்ட்ரான்ஷியமாக மாற்றி, உச்சியை அறை வெப்பநிலைப் பக்கம் இறக்கிக்கொள்கிறார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் மெல்லிய ஒற்றைப் படிகம் ஒன்றை, குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே நுண்ணோக்கியில் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது டொமைன்கள் (முனைவாக்கம் ஒரே திசையில் நிற்கும் பகுதிகள்) பட்டை பட்டையாக ஒளிரும். எல்லை வந்ததும் ஒரு ஓரத்திலிருந்து இருள் கோடுபோல் நகர்ந்து முழுப் படிகத்தையும் மூடும். ஆற விட்டால் பட்டைகள் திரும்ப வரும், பெரும்பாலும் வேறு இடங்களில்.