சூடையும் சாளையும் தெரிகிற கண்

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மகன் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். புத்தகத்தை விரித்தால் தடுமாறுகிறான். ‘கொடி’யை ‘கெரடி’ என்று படிக்கிறான். ஆனால் கரையில் நின்றே வருகிற படகு யாருடையது என்று சொல்லிவிடுவான். சூடை மீன் எது, சாளை மீன் எது என்று எங்களைவிட வேகமாகப் பிரிப்பான். கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். வெளியூரில் ஓரிடத்தில், இது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல், கண்ணுக்கு எழுத்து ஆடுகிறது, கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். நகையை வைத்தால்தான் அந்தப் பணம் கட்ட முடியும். குறை கண்ணிலா, இல்லையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

நகையை வைக்காதீர்கள். கலர் கண்ணாடியோ கண் பயிற்சியோ டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2009-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து அறிக்கை கொடுத்துவிட்டன. கண்ணைச் சோதித்தது நல்லது. கிட்டப்பார்வை மாதிரி ஏதாவது இருந்தால் அதற்குக் கண்ணாடி போடத்தான் வேண்டும். உங்கள் மகனுக்கு அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

பழி கண்மேல் விழுந்ததற்குக் காரணம் உண்டு. 1887-ல் டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மனியில் கண் மருத்துவர். அப்புறம் 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு நன்றாக வரும், வாசிக்க வராது. பாடம் முழுவதையும் வாயால் நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவன் வாத்தியார். உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வந்தான்.

1970-களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். எபிரேய எழுத்து தெரியாத அமெரிக்கப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே எழுதினார்கள். உருவத்தைப் பிடிப்பதில் குறையில்லை. உருவத்தோடு ஓசையைக் கட்டுகிற இடத்தில்தான் சிக்கல்.

‘கொடி’யையே எடுத்துக்கொள்வோம். கண் முதலில் பார்ப்பது கொம்பை. அப்புறம் க, அப்புறம் கால். வாயில் முதலில் வருவதோ க், அதன் பின்னால்தான் ஒ. முன்னால் நிற்கிற கொம்புக்கு ஓசை பின்னால் வருகிறது. அந்தக் காலும் பார்வைக்கு ‘ர’ மாதிரியே இருக்கிறது. உங்கள் மகன் பார்த்ததைப் பார்த்தபடிதான் படித்திருக்கிறான்: கெ, ர, டி. கண் ஒன்றையும் தவறவிடவில்லை. மூன்றும் சேர்ந்து ‘கொ’ என்கிற முடிச்சு இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

அந்த முடிச்சைப் போடப் புத்தகத்தை மூடிவிட்டுத் தொடங்குங்கள். நாலைந்து சிப்பி போதும். ‘கொடி’ என்று சொல்லுங்கள். ஓசைக்கு ஒன்றாக அவன் சிப்பியை நகர்த்தட்டும். கொ, டி. ‘கொ’வை எடுத்துவிட்டு ‘மு’ போட்டால்? முடி. ‘டி’க்குப் பதிலாக ‘சு’ வந்தால்? கொசு. வாயில் இது தடையில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகு சிப்பிக்குக் கீழே எழுத்தை எழுதுங்கள், கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே வட்டத்துக்குள். தினமும் பதினைந்து நிமிடம் செய்தால் போதும். விட்டு விட்டுச் செய்தால் பலன் இருக்காது.

கண்ணுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எழுத்துகள் நெருக்கிக்கொண்டு நின்றால் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் குழம்புகிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா உள்ள 74 பிள்ளைகளுக்கு எழுத்துக்கு எழுத்து நன்றாக இடம்விட்டு அச்சடித்துக் கொடுத்தபோது தவறு குறைந்து வேகமும் கூடியது என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. இதற்குக் காசு வேண்டாம். பாடத்தைப் பெரிதாக, தள்ளித் தள்ளி எழுதிக் கொடுங்கள்.

அசைவதைப் பார்க்கிற மூளைப் பகுதி டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் மந்தமாக இருப்பது 1996-ல் ஸ்கேனில் தெரிந்தது. அதை வைத்துத்தான் கண்ணே காரணம் என்று பலர் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்த கினிவியர் ஈடன் என்ற மூளை ஆய்வாளரின் குழுவே 2013-ல், வாசிப்புப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்வதைக் காட்டியது. வலை இழுத்து இழுத்துக் கை காய்ப்பது போலத்தான். காய்ப்பு இல்லாததால் இழுக்க வரவில்லை என்று சொல்வோமா?

இது டிஸ்லெக்சியாதானா என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. மண்டபம் வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள், எங்கே சோதிப்பது என்று வழிகாட்டுவார். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

என் தம்பியும் இப்படித்தான். வாசிக்கவில்லை என்று வெயிலில் மணலில் முட்டி போட வைத்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான். இன்றைக்குப் படகு இன்ஜினைச் சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்லுவான், பேப்பரை மகள் படித்துக் காட்ட வேண்டும்.

நாளைக்கே வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். வகுப்பின் நடுவில் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், கேள்வியை வாயால் கேளுங்கள் என்று சொல்லுங்கள். எங்கள் அம்மா பயந்துகொண்டு போகவேயில்லை.