கொரியச் சாப்பாட்டுக்குப் பின் தலைவலியும் கால்வீக்கமும்

கேள்வி: எனக்கு வயது 54. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறேன். போன ஞாயிறு இரவு தோழியோடு ஒரு கொரிய உணவகத்துக்குப் போயிருந்தேன். மேசையிலேயே கரி அடுப்பு வைத்துப் பன்றி இறைச்சியைச் சுட்டுக் கொடுத்தார்கள். அதோடு நான் ராமியான் நூடுல்ஸை சூப்போடு முழுக் கிண்ணமும், கிம்ச்சி என்ற புளித்த முட்டைக்கோஸை மூன்று தட்டும் சாப்பிட்டேன். சர்க்கரை நோய் உள்ள தோழி டொக்பொக்கி என்ற அரிசிக் கொழுக்கட்டை சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் தலைவலி. மறுநாள் காலை எனக்கு மோதிரம் கழலவில்லை, கால் வீங்கியிருந்தது, பிபி 158/96. தோழிக்கு அன்றிரவே சர்க்கரை 274. அஜினமோட்டோதான் காரணமா? எங்களுக்கு அந்தச் சாப்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுபடி போகலாமா? கிம்ச்சி ஒரு பாட்டில் வீட்டுக்கும் வாங்கி வந்திருக்கிறேன்.

பதில்: தாராளமாகப் போகலாம். அதற்கு முன் அந்தத் தலைவலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான்.

உங்களுக்கு பிபி, தோழிக்குச் சர்க்கரை. சாப்பிட்டதும் வேறு வேறு. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த மேசையும் அதில் எரிந்த கரியும்தான். உப்பு அத்தனை சீக்கிரம் தலைவலியைக் கொண்டுவராது. குளிருக்காக ஜன்னல், கதவெல்லாம் அடைத்திருந்தார்களா? அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் குழாய் இருந்ததா, ஓடியதா? வெளியே வந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி குறைந்ததா? குறைந்திருந்தால், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கங்கு நன்றாகப் பழுத்து, புகையே தெரியாத நேரத்திலும் வந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபினில் இருப்பது ஆக்சிஜனா இந்த வாயுவா என்று விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்குத் தெரியாது. 98 என்றே காட்டும். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மலையில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழாமலே போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை ஜன்னலோர மேசையாகக் கேளுங்கள், ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்குத் தலை கனத்தால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வாந்தி, தடுமாற்றம், மயக்கம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "கரி அடுப்புப் பக்கத்தில் இருந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி வீக்கமும் பிபியும். இதற்குக் காரணம் அஜினமோட்டோ இல்லை, உப்பு. அஜினமோட்டோவில் எடைக்கு எடை பார்த்தால், சமையல் உப்பில் உள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டதைக் கூட்டிப் பாருங்கள். ராமியான் பாக்கெட் ஒன்றில், சூப்பையும் குடித்தால், சுமார் நாலரை கிராம் உப்பு. கிம்ச்சி மூன்று தட்டு, 150 கிராம் என்று வைத்தால், இரண்டு கிராமுக்கு மேல். இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சம்ஜாங் என்ற சோயா விழுது இரண்டு மேசைக்கரண்டி போயிருந்தால் இன்னொரு இரண்டு கிராம். மொத்தம் 9 கிராம் பக்கம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள்.

சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. உங்கள் உடம்பும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மோதிரம் இறுகியது அதனால்தான். சிறுநீரகம் இதை வெளியேற்ற ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை கூடுதல் மாத்திரை எதுவும் போட வேண்டாம். மூன்று நாள் காலையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பிபி பாருங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். எழுந்ததும் சில்லென்ற கையில் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். ஸ்வெட்டரோடு கொஞ்சம் உடம்பு சூடானபின், கைப்பகுதியை மட்டும் விலக்கிப் பாருங்கள். நான்காம் நாளும் 140/90-க்கு மேல் நின்றால் உங்கள் டாக்டரிடம் போங்கள். 180/120-ஐத் தொட்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தாலோ உடனே போக வேண்டும்.

கிம்ச்சியில் நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊறுகாயை நாம் விரல் நுனியில் தொட்டுக்கொள்கிறோம். கிம்ச்சியும் உப்பில் ஊறி நொதித்த பண்டம்தான். ஆனால் பொரியல் மாதிரி தட்டில் வருகிறது, கேட்கக் கேட்க நிரப்புகிறார்கள். காரமும் புளிப்பும் முன்னால் நிற்பதால் உப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. ஒரு தட்டோடு நிறுத்துங்கள். ராமியானுக்குப் பதில் பிபிம்பாப் கேளுங்கள்: சோறு, காய்கள், முட்டை. அதன் மேல் போடும் கோச்சுஜாங் மிளகாய் விழுதைத் தனியாகத் தரச் சொல்லி ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்துகொள்ளுங்கள். சூப் வகை எதுவானாலும் டோஃபு, காய், காளானை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுச் சாற்றைக் கிண்ணத்திலேயே விடுங்கள். லெட்டூஸ் இலையில் இறைச்சியை மடிக்கும்போது சம்ஜாங் ஒரு கொண்டைக்கடலை அளவு போதும். பன்றி இறைச்சியின் உள்ளே இளஞ்சிவப்பு சுத்தமாக மறையும்வரை சுடட்டும். பச்சை இறைச்சியைப் புரட்டிய இடுக்கி வெந்த துண்டைத் தொடக் கூடாது. இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள், நாடாப்புழு விஷயம்.

தோழிக்கு: டொக்பொக்கி என்பது அரிசி மாவை இடித்து இறுக்கிய, விரல் நீளக் கொழுக்கட்டை. 200 கிராமில் சுமார் 100 கிராம் மாவுச்சத்து. எட்டு இட்லிக்குக் குறையாது. சிவப்புக் குழம்பிலும் சர்க்கரை உண்டு. ஆசைக்கு நான்கைந்து துண்டு, அதுவும் கீரை, முளைகட்டிய பயறு, டோஃபு, முட்டை இவற்றைச் சாப்பிட்ட பிறகு. குடிக்க சர்க்கரை சேர்க்காத பார்லி டீ. கிளிமிப்பிரைடு மாத்திரை போடுபவர் என்றால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. சுட்டுத் தருகிற கடைகளில் சாப்பாடு வரத் தாமதமாகும், சர்க்கரை தாழ்ந்துவிடும். தட்டு மேசைக்கு வந்தபின் போடட்டும்.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டு, கடையில் கிடைக்கும் குறைந்த சோடியம் உப்புக்கு மாறிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டனோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். பரிசோதனை செய்யாமல் வேண்டாம்.

வாங்கி வந்த பாட்டில் கொடைக்கானல் குளிரிலும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் நொதித்துக்கொண்டே போய் வாயு சேரும். மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறங்கள். சாப்பிடும் முன் ஒரு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்தால் மேலே ஒட்டிய உப்பு கொஞ்சம் போகும். அதில் சேர்த்த பச்சைப் பூண்டு நெஞ்சைக் கரித்தால் இரவில் தவிர்த்து மதியம் சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.